தேர்ச்சி வீதமும் அதன் பொருளும்

எஞ்சினீயர் உரிமப் பரீட்சையை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டு மூதுரை. அம்மூதுரை மெய்யாவதற்குச் சில நியதிகள் உண்டு. பானை ஒன்றாயிருத்தல் வேண்டும். அரிசி ஒரே வகையினதாயிருத்தல் வேண்டும். பருக்கைகள் யாவும் ஒரே தீயில் ஒரே நேரம் வெந்திருத்தல் வேண்டும். பல வகை அரிசியைப் பல வேளைகளில் இட்ட பானையினின்று ஒரு பருக்கையை நசுக்கிப் பதம் கூறப் புகுவார் பிழைபடுவர். பரீட்சையொன்றின் தேர்ச்சி வீதத்தை மட்டும் நோக்கி, அப்பரீட்சையையும், அதனை எழுதிய மாணாக்கரையும், அவர்களைப் பயிற்றிய கல்லூரியையும் மதிப்பிடுவாரும் பெரும்பாலும் இவ்வாறே பிழைபடுகின்றனர்.

நூற்றுக்கு இத்தனை பேர் தேறினர் என்னும் எண் பார்வைக்கு மிக எளியது. ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் அறிந்த சிறுவனும் அதனைக் கணக்கிடுவான். அதன் பொருளை உணர்வதோ அத்துணை எளிதன்று. இதனை ஓர் உதாரணத்தால் விளக்க எண்ணி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எஞ்சினீயர்கள் தொழில் உரிமம் பெறும்பொருட்டு எழுதும் பரீட்சைகளை ஈண்டு எடுத்துக்கொண்டோம். அப்பரீட்சைகளின் தேர்ச்சி வீதங்கள் எவரும் காணுமாறு வெளியிடப்படுகின்றன என்பது ஒரு காரணம். நம் நாட்டுக் கல்லூரிகளிற் பயின்று அந்நாட்டிற் சென்று தொழில் புரிவோரும் அவற்றை எழுத நேர்கின்றது என்பது மற்றொரு காரணம்.

1. உரிமம் ஏற்பட்ட வரலாறு

அமெரிக்க மாகாணங்களுள் எஞ்சினீயர்களுக்கு உரிமச் சட்டம் முதலில் இயற்றியது வயோமிங் மாகாணமாகும். ஆண்டு 1907. அம்மாகாணம் மழை குறைந்தது. ஆற்றுநீரின்மேல் உரிமை கோருவோர் தம் வாய்க்கால்களின் படங்களை அரசாங்கத்திற்கு அனுப்புதல் வேண்டும். எஞ்சினீயரிங் கல்லாதவர் பலர் தம்மை எஞ்சினீயர் என்றும் நில அளவையர் என்றும் கூறிக்கொண்டு அப்படங்களில் கையெழுத்திட்டு அனுப்பலாயினர். பிழைபட்ட படத்தால் ஒருவன் நிலம் காயும். மற்றொருவன் நிலம் மிகைநீர் பெறும். இத்தீங்கை விலக்கவே சட்டம் பிறந்தது.

டெக்ஸாஸ் மாகாணத்தில் இச்சட்டம் பெருந்துயரின் பின் வந்தது. 1937-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ஆம் நாள், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில் கசிந்து பரவிய எரிவாயு வெடித்து, ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டனர். அவருள் மிகப் பலர் குழந்தைகள். அவ்வாண்டிலேயே அம்மாகாணச் சட்டசபை எஞ்சினீயரிங் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. எனவே இப்பரீட்சை மாணாக்கரை வரிசைப்படுத்திப் பரிசளிக்க ஏற்பட்டதன்று என்பதை நெஞ்சில் நிறுத்துதல் வேண்டும். பொதுமக்களின் உயிரையும் உடைமையையும் காப்பதே அதன் நோக்கம். பின்னர் யாம் கூறுவன யாவும் இந்நோக்கத்தை அடிப்படையாகக் கொண்டவை.

2. பரீட்சையின் அமைப்பு

உரிமம் அளிப்பது அந்தந்த மாகாணத்தின் குழு. பரீட்சைகளை ஆக்கி நடத்துவது என். சி. இ. இ. எஸ். எனப்படும் தேசீயப் பரீட்சகர் மன்றம். இது 1920-இல் தோன்றியது. பரீட்சை இரண்டு. முதலாவது அடிப்படைப் பரீட்சை, இதனை எஃப். இ. என்பர். கல்லூரிப் படிப்பின் இறுதியாண்டிலோ, பட்டம் பெற்ற சில காலத்திலோ இதனை எழுதுவது வழக்கம். வினாக்கள் 110. இரண்டாவது தொழிற்பரீட்சை, இதனைப் பி. இ. என்பர். நம் நாட்டுப் பி. இ. பட்டத்தோடு இதனை மயங்குதல் கூடாது. பொதுவாக நான்காண்டு அனுபவம் பெற்றவர்க்கே உரிமம் கிட்டும். ஆயினும் அவ்வனுபவம் நிரம்புமுன்னரே பரீட்சையை எழுதிக்கொள்ளச் சில மாகாணங்கள் இடமளிக்கின்றன.

முடிவு தேறினார், தேறவில்லை என்னும் இரண்டனுள் ஒன்றாகவே அறிவிக்கப்படும். தேறினவர்க்கு மதிப்பெண் கூறப்படுவதில்லை. தேறாதவர்க்கு, எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு வலிமை, எவ்வளவு குறை என்று காட்டும் குறிப்பு ஒன்று அனுப்பப்படும்.

3. இது போட்டித் தேர்வு அன்று

நம் நாட்டு மாணாக்கர் பெரிதும் அறிந்தவை போட்டித் தேர்வுகள். அவற்றில் இடங்கள் முன்னரே எண்ணி வரையறுக்கப்படும். ஆயிரம் இடத்திற்கு ஐந்து இலட்சம் பேர் எழுதினால், வீதம் எத்துணைச் சிறிதாயினும் அது எழுதியவரின் அறிவைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. இடத்தின் குறைவையே கூறுகின்றது. அங்கு ஒருவன் ஏற்றம் மற்றொருவனுக்கு இறக்கம்.

உரிமப் பரீட்சையின் முறை வேறு. உரிமம் பெற்ற எஞ்சினீயர்கள் பலர் ஒருங்கு கூடி, தொழில் செய்வதற்கு இன்றியமையாத குறைந்த அளவுத் தகுதி உடையவன் ஒருவனை மனத்திற் கொள்கின்றனர். அத்தகையோன் ஒவ்வொரு வினாவிலும் எவ்வாறு விடையளிப்பான் என்று ஆய்ந்து, அதனின்று தேர்ச்சிக்குரிய எல்லையை வகுக்கின்றனர். ஒரு வினாத்தொகுதி சிறிது கடினமாயும் மற்றொன்று சிறிது எளிதாயும் அமைந்தால், எவர்க்கும் நன்மையோ தீமையோ நேராவண்ணம் அவ்வேறுபாட்டைக் கணித முறையால் சரிசெய்கின்றனர். இத்தனை பேரையே தேற்றுவோம் என்னும் கட்டு இல்லை. எழுதியவர் யாவரும் எல்லையைக் கடப்பின் யாவரும் தேறுவர். ஒருவரும் கடவாவிடின் ஒருவரும் தேறார்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று. தேர்ச்சி வீதத்தைக் கண்டு, நூற்றுக்கு 60 பேரை எடுத்துக்கொள்கின்றனர், நாம் அவ்வறுபதின்மருள் ஒருவராக முண்டியடித்து நுழைதல் வேண்டும் என்று அஞ்சுவது வீண் அச்சம். அருகிலிருந்து எழுதுபவர் பகைவர் அல்லர். வீதமென்பது பரீட்சை முடிந்தபின் எண்ணிப் பார்த்த விளைவு. முன்னரே வைத்த வாயில் அன்று.

4. முதன்முறை எழுதுவோரும் மீண்டும் எழுதுவோரும்

மன்றத்தார் வெளியிடும் அட்டவணையில் ஒவ்வொரு பிரிவிற்கும், முதன்முறை எழுதுவோர், மீண்டும் எழுதுவோர் என இரு பகுதி காணப்படும். முன்னவரின் வீதம் பொதுவாக உயர்ந்தும் பின்னவரின் வீதம் பொதுவாகத் தாழ்ந்தும் இருக்கும். இதனைக் காணும் மாணாக்கன், ஒருமுறை தவறினால் பின்னர்த் தேறுதல் அரிது என்று மனமுடைகின்றான். அவன் முடிவு சரியா என்று ஆராய்வோம்.

முதன்முறை எழுதும் கூட்டத்தில் மிக்க ஆற்றலுடையோர், நடுத்தரத்தோர், பயிற்சி குறைந்தோர் ஆகிய யாவரும் உளர். முதல் மூவகையுள் ஆற்றலுடையோர் பெரும்பாலும் உடனே தேறி வெளியேறுகின்றனர். எஞ்சி மீள்வோர் கூட்டத்தில் அவர்கள் இலர். ஆதலின் அக்கூட்டத்தின் வீதம் தாழ்வது இயல்பேயாகும். ஒருமுறை தவறியமையால் எவரும் ஆற்றல் இழந்துவிடவில்லை. கூட்டத்தின் சேர்க்கையே மாறியது. ஓரிரு வினாவினால் தவறியவரும், பல்லாண்டு நூலைத் தொடாது மீண்டும் வந்து எழுதுபவரும் அவ்வொரே வீதத்தில் அடங்கியிருக்கின்றனர். அவ்வீதத்தைத் தனியொருவனின் நற்பேறாகக் கொள்வது பொருந்தாது.

இன்னும் ஒன்று. முயற்சிகளை எண்ணுவது வேறு. மனிதரை எண்ணுவது வேறு. கணக்கிற்காக யாமே கற்பித்த ஓர் உதாரணம் காண்க. நூறு பேர் முதன்முறை எழுதுகின்றனர். 65 பேர் தேறுகின்றனர். தவறிய 35 பேரில் 25 பேர் மீண்டும் எழுத, 10 பேர் தேறுகின்றனர். எஞ்சிய 15 பேரில் 10 பேர் மூன்றாம் முறை எழுத, 4 பேர் தேறுகின்றனர். இப்பொழுது எண்ணுவோம். முதன்முறை வீதம் 65. மீண்டும் எழுதிய முயற்சிகள் 35. அவற்றுள் வெற்றி 14. ஆகவே வீதம் 40. எல்லா முயற்சிகளும் சேர்ந்து 135; வெற்றி 79; வீதம் ஏறக்குறைய 58½. ஆனால் தொடங்கிய நூற்றுவருள் இறுதியில் தேறினவர் 79 பேர்.

65, 40, 58½, 79 என்னும் நான்கு எண்களும் அதே நூறு பேரைப் பற்றியவை, நான்கும் மெய்யே. ஒவ்வொன்றும் வெவ்வேறு வினாவிற்கு விடை. வினாவை மறந்து விடையை மட்டும் எடுத்துக் கையாளுவதே தவறு. மேலும், தேறாத 21 பேருள் 15 பேர் இடையில் எழுதுவதை விட்டவர். எழுதி எழுதித் தவறினவர் 6 பேரே. விட்டவரின் கணக்கு எந்த வீதத்திலும் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை.

5. கூட்டினால் மாறும் வீதம்

இருவகையினரையும் கலந்து ஒரே வீதமாகக் கூறுவதால் விளையும் கேட்டை மற்றோர் உதாரணத்தாற் காட்டுவோம். ‘அ’ என்னும் கல்லூரியிலிருந்து நூறு பேர் எழுதுகின்றனர். அவருள் முதன்முறையோர் 90 பேர், தேறினவர் 63. மீண்டும் எழுதியோர் 10 பேர், தேறினவர் 4. ‘ஆ’ என்னும் கல்லூரியிலிருந்தும் நூறு பேர். முதன்முறையோர் 40 பேர், தேறினவர் 30. மீண்டும் எழுதியோர் 60 பேர், தேறினவர் 27.

கூட்டிப் பார்ப்பின், ‘அ’ நூற்றுக்கு 67, ‘ஆ’ நூற்றுக்கு 57. ‘அ’ சிறந்தது என்று ஊர் கூறும். பிரித்துப் பார்ப்பின், முதன்முறையோரில் ‘அ’ நூற்றுக்கு 70, ‘ஆ’ நூற்றுக்கு 75. மீண்டும் எழுதியோரில் ‘அ’ நூற்றுக்கு 40, ‘ஆ’ நூற்றுக்கு 45. இரு வகையிலும் ‘ஆ’வே மேம்பட்டது! தவறிய தன் மாணாக்கரைக் கைவிடாது மீண்டும் எழுதத் தூண்டியமையே ‘ஆ’ செய்த குற்றம். இக்கணக்கில் மாயம் ஒன்றும் இல்லை. எடை வேறுபட்ட இரு பகுதிகளைக் கலக்கும்போது இவ்வாறு நேரும் என்பதைப் புள்ளிக்கணக்கு நூலார் நன்கறிவர். அதனைச் சிம்சன் முரண் என வழங்குவர்.

6. சிறு கூட்டத்தின் ஏற்ற இறக்கம்

சில எஞ்சினீயரிங் பிரிவுகளில் எழுதுவோர் ஆயிரக்கணக்கினர். சிவில் பிரிவு அத்தகையது. அணுசக்தி, கப்பல் கட்டுதல் முதலிய பிரிவுகளில் எழுதுவோர் மிகச் சிலர். அத்தகைய பரீட்சைகள் ஆண்டிற்கு ஒருமுறையே நடைபெறும். இருவகை வீதங்களையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்துக் காணும்போது, இரண்டும் ஒத்த உறுதியுடையன என்று எண்ணலாகாது.

எழுதுவோன் ஒவ்வொருவனும் தேறும் வாய்ப்பு நூற்றுக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். 20 பேர் எழுதினால் 12 பேர் தேறுதல் எதிர்பார்க்கத்தக்கது. ஆயின் 10 பேர் தேறினும், 14 பேர் தேறினும் வியப்பில்லை. அதாவது வீதம் 50 முதல் 70 வரை எங்கும் நிற்கலாம். நான்கில் ஒருமுறை அவ்வெல்லைக்கும் வெளியே செல்லும். 2000 பேர் எழுதினாலோ, வீதம் பெரும்பாலும் 58-க்கும் 62-க்கும் இடையிலேயே அமையும். ஆதலின் சிறு பிரிவொன்றில் சென்ற ஆண்டு 70, இவ்வாண்டு 55 என்று கண்டால், பரீட்சை கடினமாயிற்று என்றும், ஆசிரியர் சோம்பினர் என்றும் உடனே கூறப் புகுதல் தகாது. காசைச் சுண்டினாலும் அத்துணை வேறுபாடு தோன்றும். பல ஆண்டுகளின் எண்களைச் சேர்த்து நோக்கிய பின்னரே அத்தகைய பிரிவைப் பற்றி ஏதேனும் கூற இயலும்.

7. பிரிவோடு பிரிவை ஒப்பிடல்

கெமிக்கல் பிரிவின் வீதம் உயர்ந்தும் சிவில் பிரிவின் வீதம் தாழ்ந்தும் காணப்படின், முன்னது எளிது, பின்னது கடிது என்று முடிவு செய்யலாமோ? செய்யலாகாது. அமெரிக்க மாகாணங்கள் பலவற்றில், தொழிற்சாலையுள் தம் முதலாளிக்காகவே வேலை செய்யும் எஞ்சினீயர்களுக்கு உரிமம் கட்டாயம் அன்று. ஆதலின் கெமிக்கல் பிரிவினர் பலர் பரீட்சையை எழுதாமலே தொழில் நடத்துகின்றனர். எழுதுவோர் பெரும்பாலும் தாமே விரும்பி எழுதுவோர். பாலம், சாலை, கட்டடம், குடிநீர் முதலிய பொதுப்பணியில் ஈடுபடும் சிவில் எஞ்சினீயருக்கோ முத்திரையிடும் உரிமை இன்றியமையாதது. எனவே அப்பிரிவில் விருப்பமுள்ளோர், இல்லாதோர் ஆகிய பலரும் வந்து எழுதுகின்றனர். வீதங்களின் வேறுபாட்டில், பரீட்சையின் கடுமை எவ்வளவு, எழுதவந்தோரின் வேறுபாடு எவ்வளவு என்று அட்டவணை பிரித்துக் காட்டுவதில்லை.

கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். பட்டம் பெறுமுன் அடிப்படைப் பரீட்சையை எழுதியே தீர்தல் வேண்டும் என்று விதிக்கும் கல்லூரிகள் அமெரிக்காவில் உள்ளன. எழுதினாற் போதும், தேற வேண்டுவதில்லை எனின், சிலர் முயற்சியின்றி எழுதுவர், வீதம் தாழும். விரும்பியவர் மட்டும் எழுதும் கல்லூரியின் வீதம் உயரும். முன்னது தன் மாணாக்கர் யாவரையும் உலகறியக் காட்டியது. பின்னது சிலரை மட்டும் காட்டியது. எண்ணிற் பெரியதைக் கொண்டு எது நேர்மையில் பெரியது என்று கூற முடியுமோ?

8. ஆண்டோடு ஆண்டை ஒப்பிடல்

அடிப்படைப் பரீட்சை 2014-ஆம் ஆண்டு சனவரி முதல் கணிப்பொறியில் நடைபெறுகின்றது. அதற்குமுன் அது தாளில் எழுதப்பட்டது, வினாக்கள் 180, ஆண்டிற்கு இருமுறையே நிகழ்ந்தது. சிவில் தொழிற்பரீட்சை 2022-இல் கணிப்பொறிக்கு மாறியது. தாளில் எழுதிய காலத்தில் மாணாக்கர் தம் நூல்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்து சென்று பார்த்து எழுதலாம். கணிப்பொறியிலோ திரையில் தரப்படும் கைநூலும் விதிநூல்களுமே துணை. 2024 ஏப்ரலில் அப்பரீட்சையின் பொதுப்பகுதி நீக்கப்பட்டு, வினாக்கள் யாவும் சிறப்புப் பகுதியினின்றே வரலாயின.

இத்தகைய மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள வீதங்களை ஒரே கோட்டில் வரைந்து, திறமை ஏறிற்று, இறங்கிற்று என்று கூறுவது, படியால் அளந்த நெல்லையும் எடையால் நிறுத்த நெல்லையும் ஒப்பிடுவது போலாம். மாற்றத்திற்கு முன்னரே எழுதி முடித்துவிட விரைவோரும், பொறுத்திருந்து எழுதுவோம் என்று ஒதுங்குவோரும் உளராதலின், எழுதுவோர் கூட்டமும் அக்காலத்தில் மாறுவதற்கு இடமுண்டு.

9. வீதம் உயர்தல் நன்றோ?

தேர்ச்சி வீதம் உயர்ந்தால் மகிழ்வதும் தாழ்ந்தால் வருந்துவதும் உலக வழக்கம். உரிமப் பரீட்சையில் இருவகைத் தவறு நேரலாம். தகுதியில்லாதவன் தேறிவிடுதல் ஒன்று. தகுதியுள்ளவன் தவறிவிடுதல் மற்றொன்று. முன்னதால் பொதுமக்களுக்குத் தீங்கு. பின்னதால் தனியொருவனுக்கும், அவன் தொண்டை இழக்கும் நாட்டிற்கும் தீங்கு. எல்லையைத் தாழ்த்தினால் முன்னது மிகும். உயர்த்தினால் பின்னது மிகும். இவ்விரண்டும் எவ்வளவு நேர்ந்தன என்பதை வீதம் கூறுவதில்லை. எனவே உயர்ந்த வீதமே நல்ல பரீட்சைக்கு அடையாளம் என்பதும், பலரை வீழ்த்துவதே கண்டிப்பான பரீட்சைக்கு அடையாளம் என்பதும் ஒருங்கே பிழை.

கல்லூரி ஆசிரியர்க்குப் பயன்படுவது மொத்த வீதமன்று. பகுதிதோறும் மாணாக்கர் பெற்ற நிலையே. நம் மாணாக்கர் நீரியலில் நாட்டுப் பொதுநிலையை ஒத்தும், மின்னியலில் அதனிற் குறைந்தும் உளர் என்று அறியின், எவ்வகுப்பில் எதனைத் திருத்தல் வேண்டும் என்பது விளங்கும். மன்றத்தார் கல்லூரிகளுக்கு அத்தகைய அறிக்கைகளை அனுப்புகின்றனர். நூற்றுக்கு 62 என்னும் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வாசிரியரும் எப்பாடத்தையும் திருத்த இயலாது.

10. கேட்கத்தக்க வினாக்கள்

ஆகவே ஒரு தேர்ச்சி வீதத்தைக் காணும் நண்பர்கள் பின்வரும் வினாக்களைக் கேட்டல் நலம். வகுக்கப்பட்ட தொகை யாது, பதிந்தவரா, எழுதியவரா, இறுதிவரை நின்றவரா? முதன்முறையோர் மட்டுமா, யாவருமா? எத்தனை பேர்? அவர்கள் தாமே விரும்பி வந்தவரா, கட்டாயத்தால் வந்தவரா? ஒப்பிடப்படும் இரு ஆண்டுகளிலும் பரீட்சை ஒன்றேயா? எங்களிடம் பயின்றோருள் நூற்றுக்கு 95 பேர் தேறினர் என்று பறைசாற்றும் பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தை இவ்வினாக்களோடு படிப்பவர், பொருளை இழவார்.

பரீட்சையில் ஒருமுறை தவறிய இளைஞர்க்கு ஒரு சொல். வீதத்தின் அட்டவணையை மூடிவைத்து, தமக்கு வந்த குறிப்பினைத் திறந்து படிப்பாராக. அட்டவணை பிறரைப் பற்றியது. குறிப்பு அவரைப் பற்றியது. எப்பகுதியில் குறை என்று அது காட்டுகின்றதோ அப்பகுதியில் மூன்று திங்கள் முறையாக உழைத்தவனுக்கும், உழையாதவனுக்கும் ஒரே வீதம் உரியதாகாது.

தேறினவர்க்கும் ஒரு சொல் உண்டு. உரிமம் பெற்ற எஞ்சினீயர் தம் முத்திரையைப் படத்தின்மேல் இடும் நாளில், நூற்றுக்கு எத்தனை பேர் தம்முடன் தேறினர் என்று எவரும் வினவார். அக்கட்டடத்தினுள் நாளை அமரப்போகும் குழந்தைகளுக்கு வேண்டுவது, அப்படம் பிழையற்றதாயிருத்தல் ஒன்றே.